பொன்னையா கத்திய வார்த்தை

காமெடி எழுத வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு என்னை வரவழைத்தீர்கள். பொன்னாடை, பூங்கொத்து என்று படுத்தாமல் சூடாகச் சுக்குக்காப்பி கொடுத்து உட்காரவைத்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. அனுபவத்தைப் பேசச் சொன்னீர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் எழும்பாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி நழுவி வந்துவிட்டேன்.

அன்றைக்கு உங்களில் ஒருவர் போனைத் திருப்பி ஒரு துண்டுக் காட்சியைக் காட்டினார். 'நாளைக்குப் பணக்காரன்' தொடரில் பொன்னையா டீக்கடை பெஞ்சுமேல் ஏறிநின்று, "கோளு! கோளு! கோளடிச்சிட்டு லே!" என்று கத்துகிற காட்சி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை என்பதை ஒரு பெண் கவனித்துவிட்டாள். "என்ன மேடம், உங்க காமெடி உங்களுக்கே போரடிச்சிட்டா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தப் பதில். கேமரா, வெளிச்சம், வெட்டி ஒட்டுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதிலெல்லாம் நான் மூக்கை நுழைக்கவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு கேபிள் சேனலுக்காக நான் எழுதி இயக்கினேன். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம். பொன்னையா கருங்கல் சந்தைப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவன். வாரா வாரம் அவனுக்குப் பணக்காரனாக ஒரு வழி தெரிந்துவிடும். ஒரு வாரம் ஈமு கோழி, ஒரு வாரம் வெனிலா கொடி, அடுத்த வாரம் அரிசியை இழுத்தால் கோடி ரூபாய் என்கிற செம்புக் குடம். பாதி நேரத்தில் பணம் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்து பெஞ்சில் ஏறிக் கத்துவான். மீதிப் பாதியில் எல்லாம் கவிழ்ந்து, மறுபடியும் பாய்லர் அடுப்பை ஊதிக்கொண்டு நிற்பான். அவ்வளவுதான் கதை. அதையே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

'கோளு' என்ற சொல்லை நான் கருங்கல் சந்தையில்தான் பொறுக்கினேன். எங்கள் வீடு பூதப்பாண்டிப் பக்கம், வயல்காட்டு ஊர். எங்கள் பேச்சில் அந்தச் சொல் அவ்வளவாகக் கிடையாது. மேற்கே, மலையாளம் கலந்து பேசுகிற இடங்களில், எதிர்பாராமல் வந்து விழுகிற பெரிய லாபத்துக்குக் கோளு என்பார்கள். வாழைக்குலை வியாபாரி ஒருவர் இன்னொருவரிடம், "அவனுக்கு இந்தத் தடவ நல்ல கோளாக்கும் ஓய்" என்று சொன்னது காதில் விழுந்தது. அந்த இடத்திலேயே பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஒரு நல்ல சொல் கிடைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாடுகூட இறங்கவில்லை.

பொன்னையாவாக நடித்தவர் சேவியர். கடியப்பட்டணத்துக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முழங்கால் மடங்காமல் போனதால் கரையில் மீன் ஏலம் விளிக்க ஆரம்பித்திருந்தார். ஊர்த் திருவிழா நாடகத்தில் ஏரோது ராஜாவாக வந்து அவர் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் நான் ஆளைப் பிடித்தேன். மைக்கே வேண்டாம். அலைச் சத்தத்தைத் தாண்டி ஏலம் கேட்டுப் பழகிய தொண்டை அது.

முதல் நாள் படப்பிடிப்பில் சேவியர் வசனத் தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, இந்தக் கோளுங்கியதுக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டா என்ன? யோகம், கீகம்னு?"

நான் வெயிலில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். நடிக்க வந்த முதல் நாளே வசனத்தில் கைவைக்கிறாரே என்று எரிச்சல்.

"எழுதினத சொல்லும் சேவியர். மாத்துறது எனக்க வேல" என்றேன்.

"செரி அக்கா" என்று போய்விட்டார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிள்ளைகளே, நடிகர் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னால் நீங்கள் மாற்ற வேண்டாம். ஏன் என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தொடர் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் சும்மா இல்லை. பொன்னையா லவ் பேர்ட்ஸ் வளர்த்துக் கோடீஸ்வரனாகப் பார்த்த வாரம், குஞ்சு எங்கே கிடைக்கும் என்று சேனலுக்குப் போன்மேல் போன். கதையில் அத்தனை குஞ்சும் பறந்துபோய் அவன் வெறும் கூட்டைக் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்த பிறகும் கேட்டார்கள். "அவன் கூட்டக் கதவ அடைக்காம விட்டான். நாங்க அடைப்போம்" என்றார் ஒருவர். அன்று அலுவலகத்தில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நாம் கேலியாகச் சொல்வதை ஒருவர் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்தச் சொல்லோ ஊரெல்லாம் பரவிவிட்டது. கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் கோளு. பரீட்சை தள்ளிப்போனால் கோளு. கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வந்தால் கோளு. எங்களுக்கு விளம்பரம் கொடுத்த நகைக்கடை முதலாளி, தன் கடை வாசலில் பொன்னையா பெஞ்சுமேல் நிற்கிற படத்தை ஆள் உயரத்துக்கு வைத்தார். சேவியர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதல் கடைசி சீட்டு வரை எல்லாரும் கத்துவார்கள். அவரும் கும்பிட்டுவிட்டு ஒரு தடவை கத்திக் காட்டுவார்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய சேனல்காரர் பேசினார். தொடரைத் தினசரித் தொடராக எடுக்க வேண்டும், நானே எழுத வேண்டும், சேவியரே நடிக்க வேண்டும், தலைப்பே 'கோளு கோளு' என்று இருக்க வேண்டும். நூறாவது வாரத்தை நன்றாக எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றார். அன்று சாயங்காலமே நான் என் கணவரைக் கூட்டிக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனேன். வீடு கட்ட மனை கூட அப்போது இல்லை. அடுக்களைக்கு என்ன நிறம் போடலாம் என்று பார்த்தோம். இரண்டு வருஷமாக நான் யாரைக் காட்டி ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேனோ அவனாகவே கடைக்குள் நின்றேன். அது அப்போது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நூறாவது வாரத்துக்கு அம்பர் கதை எழுதினேன். திமிங்கிலம் கக்குகிற கட்டி கரையில் ஒதுங்கும், அது கோடிக்கணக்கில் போகும் என்று கேள்விப்பட்டுப் பொன்னையா கடற்கரைக்கு வருகிறான். ஒரு கட்டியைக் கண்டுபிடிக்கிறான். கடைசியில் அது மெழுகுவர்த்தி உருகிச் சேர்ந்த கட்டி. கடியப்பட்டணம் கரையிலேயே எடுத்தோம். சேவியரின் ஊர் என்பதால் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. கடலுக்குப் போகிற வள்ளங்கள் மத்தியானமே தொழிலுக்குப் போய்விட்டன. போகும்போதே, "இண்ணைக்கு நல்லா கத்தணும் கேட்டீரா" என்று சேவியரைச் சீண்டிவிட்டுத்தான் போனார்கள்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின்மேல் சேவியர் ஏறிநின்று கத்த வேண்டும். நான் ஐந்து தடவை எடுத்தேன். சென்னைக்குப் போகிற சரக்கு ஆயிற்றே. ஐந்தாவது தடவை கத்தி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

சேவியர் மட்டும் இறங்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. வயல்காட்டுக்காரிக்கு மழை வரும் என்று மட்டும் தோன்றும். அதே நேரம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவருக்குப் போன் வந்தது. வெளிக்கடலில் காற்று புரண்டுவிட்டது, அங்கே வள்ளங்களைத் திருப்பிக் கூப்பிடுகிறார்கள் என்று.

கரையில் ஒரு ஓலைக்கொட்டகையில் வள்ளங்களோடு பேசுகிற ஒயர்லெஸ் பெட்டி இருந்தது. அதில் பேசுவதும் சேவியர்தான். அந்தச் சத்தத்துக்காகவே ஊர் அவரிடம் அதைக் கொடுத்திருந்தது. முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடினார். பொன்னையா வேஷத்தில், தலையில் துண்டோடு அவர் ஓடுவதைப் பார்த்துக் கூட்டம் மறுபடி கைதட்டியது. நான் பின்னாலேயே ஓடினேன்.

மைக்கைப் பிடித்தார்.

"எல்லா வள்ளத்துக்கும், எல்லா வள்ளத்துக்கும். கோளு வருது. கோளு வருது. வலைய எடுத்துட்டு கரைக்கு ஏறுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் ஏன் இப்போது வசனம் பேசுகிறார் என்று நினைத்தேன். பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று சிரிப்பு வந்தது.

"பொன்னையாண்ணே, எத்தன கோடி ஓய் இண்ணைக்கு?"

"ஏலே, வெளாட்டு இல்ல லே! கோளு லே!"

"கோளு! கோளு!" என்று வேறொரு வள்ளத்திலிருந்து யாரோ அவரைப் போலவே கத்தினான். அதற்கு இன்னும் நாலு வள்ளத்தில் சிரிப்பு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கரையில் கோளு என்றால் கடல் புரள்வது. காற்றும் மழையும் சேர்ந்து கடல் எழும்புவதற்கு அவர்கள் சொல்கிற சொல் அதுதான். சந்தையில் லாபம், கரையில் ஆபத்து, சொல் ஒன்று. இரண்டு வருஷமாக வாரா வாரம் அதே சேவியரின் தொண்டையில் அந்தச் சொல்லை வைத்து ஜில்லா முழுக்கச் சிரிக்கப் பழக்கியவள் நான்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம்தான். பழக்கதோஷம், இயக்குநராகவே நின்றேன். "இன்னும் சத்தமா சொல்லும் சேவியர். கோபமா சொல்லும்" என்றேன். அவர் சொன்னார். கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். கோபத்தில் அவர் கத்துவதுதான் பொன்னையா கத்துவது. நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதேதான். சிரிப்பு கூடியதே தவிர ஒருவரும் வலையைத் தொடவில்லை. இன்று கரையில் படப்பிடிப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். ஒயர்லெஸ்ஸில் தங்களையும் சேர்த்து நடிக்கவைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

சேவியர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோசம்மா வந்தாள். சேவியரின் மனைவி. மீன் விற்கப் போய்விட்டு அப்போதுதான் பஸ் இறங்கியிருந்தாள், இடுப்பில் வெறும் அலுமினியச் சருவம். அதைக் கீழே வைத்தாள். "நீரு மாறும்" என்று சொல்லி மைக்கை வாங்கினாள். அந்தப் பெட்டியில் ஒரு பெண் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லையாம். அவள் சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"மிக்கேலு, ரோசம்மாவாக்கும். ஒனக்க பெஞ்சாதி இஞ்ச நிக்கா. கடலு செரியில்ல, நீ ஏறி வா. லூர்து, ஒனக்க அப்பனையும் கூட்டிக்கிட்டு வா. கிறிஸ்தடிமை, வலையப் பாக்காத, வெட்டி விட்டுட்டு வா. பெர்னாந்து..."

வள்ளத்துக்கு ஒரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். கோளு என்ற சொல்லை ஒரு தடவைகூட அவள் எடுக்கவில்லை. மூன்றாவது பெயரிலேயே பெட்டிக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒருவன், "செரி மைனி, ஏறுதோம்" என்றான். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள்.

ஒரு வள்ளம் மட்டும் பதில் சொல்லவில்லை. அது ரோசம்மாவின் சொந்தத் தம்பி சூசையின் வள்ளம்.

"சூசை, அக்காவாக்கும். கேக்குதியா?" என்று அவள் எத்தனை தடவை கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது, கரையில் ஏறும்போது அலை தூக்கி அடித்து இரண்டாகப் பிளந்தது. சூசையும் அவனோடு போன இரண்டு பேரும் வரவில்லை. அந்த ராத்திரியைப் பற்றி நான் எழுத மாட்டேன். அது என் கதை இல்லை, அந்த மூன்று வீட்டுக்காரர்களின் கதை.

விடிந்த பிறகு நானும் சேவியரும் கொட்டகை வாசலில் மணலில் உட்கார்ந்திருந்தோம். அவர் இன்னும் பொன்னையாவின் சட்டையில்தான் இருந்தார். அப்போதுதான், இரண்டு வருஷம் தாமதமாக, நான் கேட்டேன்.

"அண்ணைக்கு ஏன் வேற வார்த்த கேட்டீரு சேவியர்?"

"எங்க அப்பன் அந்த வார்த்தயச் சொல்லி ஒருநாளும் சிரிச்சதில்ல அக்கா. அதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் மாத்தியிருப்பேனே."

"மாத்தியிருப்பியளா இருக்கும்." முழங்காலைத் தேய்த்தார். "இல்ல, ஆள மாத்தியிருப்பியளா இருக்கும். எனக்கு அந்த வேசம் வேணும்னு இருந்துது அக்கா. காலும் போச்சு, கடலும் போச்சு. எனக்கும் ஒரு நாளைக்குப் பணக்காரனாவணும்னு இருந்துது."

என்னைக் குற்றம் சொல்லிவிட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பாதியைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் செய்தி வந்தது. வேறு ஒரு விசைப்படகு அந்த மூன்று பேரையும் தண்ணீரிலிருந்து எடுத்து முட்டத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. வள்ளமும் எஞ்சினும் வலையும் போயிற்று. சூசைக்கு வலதுகால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ரோசம்மா செய்தியைக் கேட்டதும் அழவில்லை. மணலில் அப்படியே படுத்துத் தூங்கிப்போனாள்.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. சென்னைக்காரருக்குப் போன் செய்து முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று. அந்த நாட்களில் மனசு என்னென்ன நியாயம் பேசியது தெரியுமா? எல்லாரும் உயிரோடு வந்துவிட்டார்களே. சென்னையில் யாருக்கு அந்த இரண்டாவது அர்த்தம் தெரியும்? நாலைந்து கரைகளில் பேசுகிற ஒரு சொல்லுக்காக நாடு முழுக்கப் போகிற தொடரை விடுவதா? நகைக்கடை முதலாளியும் தன் பங்குக்குப் பேசினார். "எம்மா, அந்த வார்த்தைக்காக்கும் நான் வெளம்பரம் தாறது. அத எடுத்தா பின்ன பொன்னையா வெறும் டீக்கடைக்காரன்லா?" அவர் சொன்னது தப்பே இல்லை. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு சூசையைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, என்ன பேசுவது என்று பஸ்ஸில் மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன். மன்னிப்பு கேட்பதற்கு நல்ல நல்ல வாக்கியங்கள் வைத்திருந்தேன். அவன் கட்டுப்போட்ட காலோடு என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"எழும்பாத, எழும்பாத" என்றேன்.

"எக்கா, எனக்க தப்பாக்கும்" என்றான். "நான்தான் சிரிச்சேன். அத்தான் கத்துனதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. சிரிச்சு சிரிச்சு பெட்டிய அமத்திட்டேன், போதும் இவருக்கக் கூத்துன்னு. அக்கா விளிச்சது எனக்குக் கேக்கல. பொன்னையா கத்தினா எனக்குத் தானா சிரிப்பு வருமே, என்னெளவு செய்ய?"

இதைச் சொல்லும்போதே, அந்தக் கத்தலை நினைத்து, அவனுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. கால் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான்.

நாம் எழுதியதற்காக ஒருவர் சிரிக்கிறார் என்றால் நமக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? நானும் அப்படித்தான் வாழ்ந்தவள். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் தாங்கமுடியவில்லை. சிரித்ததற்காக அவன் என்னிடம் மன்னிப்பு கேட்கிறான். நான் தயார் செய்து கொண்டுபோன ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை. பழத்தை வைத்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்றபடியே சென்னைக்குப் பேசினேன். அந்தச் சொல் இல்லாமல் வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சேவியரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவருடைய பிழைப்பும் அதில்தானே இருந்தது. சென்னைக்குப் பேசிய பிறகுதான் சொன்னேன். "சவத்த விடுங்க அக்கா. எனக்குச் சென்னைச் சாப்பாடு பிடிக்காது" என்றார். அவர் அதுவரை சென்னைக்குப் போனதே இல்லை.

நூறாவது வாரத்தை நாங்கள் ஒளிபரப்பவில்லை. அதன்பிறகு வந்த வாரங்களில் பொன்னையா பெஞ்சுமேல் ஏறி வேறு என்னென்னவோ கத்தினான். ஒன்றும் ஒட்டவில்லை. நாலைந்து மாதத்தில் தொடர் நின்றது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். டைல்ஸ் கடைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறாமல் ரொம்ப நாள் சுற்றிக்கொண்டு போனேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். பணக்கார ஆசையைக் கேலி பண்ணாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பண்ணுங்கள், எல்லாருக்கும் அந்த ஆசை உண்டு, எனக்கும் இருந்தது. ஒரு சொல்லை எடுத்துச் சிரிக்கவைக்கும் முன்னால், அது வேறு எந்த ஊரில், யாரிடம், என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள். அந்த வேலையிலிருந்து அதை நாம் பிடுங்கிக்கொண்டால் பிறகு திருப்பிக் கொடுக்க முடிவதில்லை.

முடியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தொடர் நின்றுவிட்டது, சொல் அதன் இடத்துக்குப் போய்விடும் என்று. போன மாதம் சூசையின் மகள் கல்யாணத்துக்குக் கடியப்பட்டணம் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவும்போது காற்று மாறியது. இப்போது எல்லாரிடமும் செல்போன் இருக்கிறது, ஆனால் கடலில் கொஞ்ச தூரம் போனதும் அது செத்துவிடும். பழைய பெட்டிக்குப் பதிலாகப் புதுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். சேவியர் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் மைக்கைத் தொடவே இல்லையாம். உள்ளே ரோசம்மா, கல்யாணப் பட்டுச் சேலையோடு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு அட்டையைக் கையில் எடுத்தாள். அதில் கடலுக்குப் போன வள்ளக்காரர்களின் பெயர்கள் எழுதியிருந்தன.

"கோளுன்னு ஒரு வார்த்த சொன்னா போதாதா ரோசம்மா? இப்பந்தான் அந்த நாடகம் இல்லையே" என்றேன்.

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"இப்ப உள்ள பயலுவ அதப் போன்ல பாத்துச் சிரிக்கானுவ எக்கா. அது டிவிக்காரங்களுக்க வார்த்தையாயிப் போச்சு" என்றாள்.

பிறகு முதல் பெயரை விளித்தாள். பதில் வரும்வரை காத்திருந்தாள். பதில் வந்ததும் விரலை அடுத்த பெயருக்கு நகர்த்தினாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டே வந்தது. அட்டையில் இருபத்தாறு பெயர்கள் இருந்தன. அவள் பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை.